பெட்ரோலுக்கு ஐஸ் வைத்தால் வண்டி பறக்குமா?

போன இதழில் அமெரிக்க டிராக் பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்ப்பாதை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டிகள், யார் முதலில் கோட்டைத் தொடுகிறார்கள், அவ்வளவுதான் பந்தயம். அதில் ஒரு இடத்தில் "பெட்ரோலை ஐஸ் வழியாக அனுப்புவார்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த முறை அதையே பேசிவிடுவோம்.

ஓசூரிலிருந்து ஒரு இருசக்கர வாகன மெக்கானிக்: சார், அந்த ஐஸ் டப்பா எப்படி இருக்கும்? அதை வைத்தால் நிஜமாகவே பவர் கூடுமா? கடைக்கு வருகிற பசங்க வீடியோவைக் காட்டிக் கேட்கிறார்கள், நான் என்ன பதில் சொல்வது?

அதற்கு அங்கே 'கூல் கேன்' என்று பெயர். பெரிய பால் பவுடர் டப்பா அளவுக்கு ஒரு அலுமினிய டப்பா, அதற்குள் சுருள் சுருளாக ஒரு குழாய். பெட்ரோல் பம்பிலிருந்து வரும் பெட்ரோல் இந்தச் சுருளுக்குள் சுற்றிவிட்டுத்தான், அதைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டருக்குப் போகும், சுருளைச் சுற்றி ஐஸ். ஐஸ் மட்டும் போட்டால் குழாயை அங்கங்கேதான் தொடும் என்பதால் கூடவே கொஞ்சம் தண்ணீரும் ஊற்றுவார்கள், அப்போதுதான் குழாய் முழுக்கக் குளிரில் மூழ்கும். 1960களில் கம்பெனியிலிருந்து வந்த கார்பரேட்டரையும், அதிலிருந்து கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டையும் மாற்றக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த பிரிவுகளில் ஓடியவர்கள், விதிக்குள் நின்றே எங்கே ஒரு துளி மிச்சம் பிடிக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்த காலத்தில் பரவியது இது. பிறகு மொரோசோ மாதிரி நிறுவனங்கள் ரெடிமேடாகவே விற்றன.

பவர் விஷயத்துக்கு வருவோம், கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் 35 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு வருகிறது என்று வையுங்கள், 30 டிகிரி இறக்கம். 10 டிகிரிக்குச் சுமார் ஒரு சதவீதம் என்ற கணக்கில் பெட்ரோல் சுருங்கும், ஆக அடர்த்தி கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடும். கார்பரேட்டர் ஜெட் (பெட்ரோல் வருகிற சின்னத் துளை) வழியாகப் போகும் பெட்ரோலின் எடை அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, அதனால் என்ஜினுக்குள் கூடுதலாகப் போவது ஒன்றரை சதவீதம் பெட்ரோல்தான். அதுவும் பெட்ரோல் மட்டும். காற்று கூடவில்லையே? காற்று கூடாமல் பெட்ரோல் மட்டும் கூடினால் அதற்குப் பெயர் மிக்சர், அதாவது காற்று-பெட்ரோல் கலவை, ரிச் ஆவது, உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏற்கெனவே லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஐஸ் வைத்தால் "ஆகா, இழுக்கிறதே" என்று தோன்றும், ஏற்கெனவே ரிச்சாக இருந்த வண்டியில் அதே ஐஸ் பவரைக் குறைக்கும். ஐஸ் வைத்துப் பலன் கண்டேன் என்று சத்தியம் செய்கிறவர்களில் பலருக்கு உண்மையில் நடந்தது ஒரு நம்பர் பெரிய ஜெட் போட்டதற்குச் சமமான வேலை.

அடுத்து, குளிர்ந்த பெட்ரோல் உள்ளே வரும் காற்றையும் குளிர வைக்கும், குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் பவர் கூடும் என்பார்கள். தப்பில்லை, ஆனால் எவ்வளவு? முழு பவருக்காகக் கொஞ்சம் ரிச்சாக ஓடும்போது ஒரு கிலோ பெட்ரோலோடு பன்னிரண்டரை கிலோ காற்று போகிறது. 30 டிகிரி குளிர்ந்த அந்த ஒரு கிலோ, பன்னிரண்டரை கிலோ காற்றை மிஞ்சிப் போனால் 5 டிகிரி குளிர வைக்கும். ஒரு சொட்டுக் குளிர்ச்சியும் வழியில் வீணாகாமல் போனால்தான் அந்த 5. அதில் கிடைக்கும் பவர் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும், 12 வினாடியில் ஓடுகிற காருக்கு 0.04 வினாடி. அதே நேரம் என்ஜினைச் சுற்றி அடைபட்டுக் கிடக்கும் 50 டிகிரிக் காற்றை உறிஞ்சாமல் வெளியிலிருந்து 35 டிகிரிக் காற்று வருகிற மாதிரி ஒரு குழாய் வைத்தால் 15 டிகிரி கிடைத்துவிடுகிறது, ஐஸே வேண்டாம். பசங்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம் யாரும் யோசிப்பதில்லை. 400 குதிரைசக்தி என்ஜின் முழு வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 25 கிராம் பெட்ரோல் குடிக்கும், 12 வினாடி ஓட்டத்துக்கு 300 கிராம், கிட்டத்தட்ட 400 மில்லி. அதில் ஒரு பங்கு ஏற்கெனவே கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் அறையான ஃப்ளோட் சேம்பரில் சூடேறி நிற்கிறது! டப்பாவில் என்னதான் ஐஸ் கொட்டினாலும் முதல் சில வினாடிகள் ஓடுவது அந்தச் சூடான பெட்ரோலில்தான்.

திருநெல்வேலியிலிருந்து ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர்: அந்தக் காலத்தில் சித்திரை வெயிலில் கார் நின்றுபோனால் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடுவோம். அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றேதான் ஐயா. கூல் கேனுக்கு முதல் வேலையே அதுதான், பவர் எல்லாம் பிறகு வந்த பேச்சு. பெட்ரோல் என்பது ஒரே திரவம் இல்லை, பல திரவங்களின் கலவை, அதில் லேசானவை 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும், கனமானவை 200 டிகிரி வரை தாங்கும். பழைய கார்களில் பம்ப் என்ஜினோடு ஒட்டியே இருந்தது. அது பின்னால் இருக்கிற டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும், உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். குழாய்க்குள் ஆவி சேர்ந்துவிட்டால் பம்ப் ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும், பெட்ரோல் வராது, வண்டி நின்றுவிடும். எங்கள் வீட்டுப் பழைய காரில் இது நடந்திருக்கிறது. கயத்தாறு தாண்டி ரோட்டோரப் புளியமரத்தடியில் அப்பா துண்டை நனைத்துப் பம்ப் மேல் சுற்றுவார், துண்டிலிருந்து ஆவி கிளம்பும், கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். நான் பானெட் பக்கத்திலேயே நின்று அந்தத் துண்டு காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அமெரிக்க ரேஸர்கள் செய்ததும் அதே வைத்தியம்தான், துணிக்குப் பதில் ஐஸ். பிறகு மின்சாரப் பம்பை டேங்க் பக்கத்திலேயே வைத்து, உறிஞ்சாமல் தள்ளுகிற மாதிரி மாற்றினார்கள். கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே சூடு கடத்தாத ஃபீனாலிக் தட்டு ஒன்று போட்டார்கள், குழாயை சைலன்சர் பக்கமிருந்து விலக்கிக் கொண்டுபோனார்கள். இதெல்லாம் சரியாகச் செய்த வண்டிக்கு டப்பாவின் பாதி வேலை போய்விட்டது.

கனடா, டொரொன்டோ பக்கமிருந்து: இங்கே கோடையில் சனிக்கிழமை டிராக் பந்தயம் பார்க்கப் போவதுண்டு. வேகமான காரையும் மெதுவான காரையும் ஜோடி சேர்த்து ஓட விடுகிறார்கள், சில நேரம் மெதுவான கார் ஜெயிக்கிறது. பவர் அவ்வளவு கூடாது என்றால் அங்கே ஏன் சிலர் இன்னும் ஐஸ் வைக்கிறார்கள்?

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்குள்ளேயே இரண்டாம் பாதிக்குப் பதில் இருக்கிறது. நீங்கள் பார்ப்பது 'பிராக்கெட்' பந்தயம். தன் வண்டி எத்தனை வினாடியில் ஓடும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் 12.00 என்றோ 14.35 என்றோ எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் எழுதிய நேரங்களுக்கும் எவ்வளவு வித்தியாசமோ, மெதுவான வண்டிக்கு அவ்வளவு முன்னதாகவே பச்சை விளக்கு. எழுதியதை விட வேகமாக ஓடிவிட்டாலும் தோல்வி! 12.00 எழுதிவிட்டு 11.98 ஓடினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆக அங்கே பரிசு வேகத்துக்கு இல்லை, சொன்னபடி ஓடுவதற்கு.

இப்போது யோசித்துப் பாருங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு முதல் ஓட்டம், இறுதி ஓட்டம் ராத்திரி பத்துக்கு. ஒருவர் ஒரு சுற்றில் வரிசையில் இருபது நிமிடம் காத்திருக்கிறார், என்ஜின் சூடு முழுக்க கார்பரேட்டருக்கு ஏறுகிறது, அடுத்த சுற்றில் மூன்றே நிமிடத்தில் கூப்பிட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஃப்ளோட் சேம்பரில் இருக்கும் பெட்ரோலின் சூடு வேறு, அதனால் மிக்சர் வேறு, நேரம் 0.02, 0.03 என்று ஆடும். பிராக்கெட்டில் அந்த 0.02 போதும் தோற்பதற்கு. ஐஸ் வைத்தால் டப்பாவைத் தாண்டி வரும் பெட்ரோலாவது எப்போதும் ஒரே சூட்டில் வந்து சேர்கிறது.

வேலைக்காக ஓஹையோவில் இருந்த நாட்களில் ஒரு சின்ன ஊர்ப் பந்தயத் திடலுக்கு அடிக்கடி போவேன். அங்கே எழுபது வயதிருக்கும் ஒரு ரேஸர், பழைய காரில் இன்னும் கூல் கேன் வைத்திருந்தார். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரே பிளாஸ்டிக் டம்ளரால் அளந்து ஐஸ் போடுவார், டப்பாவைத் தாண்டி வரும் குழாயை இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பார், குழாயின் மேல் வியர்வை மாதிரி தண்ணீர் பொடித்து நிற்கும். மேனிஃபோல்ட் மேலும் ஒரு ஐஸ் பை படுத்திருக்கும். பெயரைக் கூப்பிட்டதும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, துணியால் ஒரு சொட்டு விடாமல் துடைப்பார், ஏனென்றால் ஓட்டப் பாதையில் தண்ணீர் சொட்டினால் டயர் வழுக்கும், உங்களுடையது மட்டுமில்லை, உங்களுக்குப் பின்னால் வருகிறவருடையதும். துடைத்து முடித்ததும் ஒரு சின்ன நோட்டில் எழுதுவார்: மணி, காற்றின் சூடு, எத்தனை டம்ளர் ஐஸ், ஓடிய நேரம். அதிலிருந்துதான் எனக்கு இந்த விஷயமே புரிந்தது. குளிர் அவருக்கு முக்கியமே இல்லை. முந்தின தடவை எப்படி இருந்ததோ அப்படியே இந்தத் தடவையும் இருக்க வேண்டும், அதற்கு ஐஸ் வசதி, அது எந்த ஊரில் எந்த நேரத்தில் உருகினாலும் பூஜ்ஜியம் டிகிரிதான்.

சேலம், கல்லூரி மாணவர்: பெட்ரோலை பாட்டிலில் ஊற்றி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் போதாதா அண்ணா?

வேண்டாம் தம்பி. தயவுசெய்து வேண்டாம், யாராவது நண்பன் செய்கிறான் என்றால் அவனையும் தடுத்து நிறுத்து. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூட தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும், உன் வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18தான். மூடி கொஞ்சம் கசிந்தாலும் மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி சேரும், பல ஃப்ரிட்ஜ்களில் தெர்மோஸ்டாட்டும் விளக்கு சுவிட்சும் உள்ளேயே இருக்கின்றன, ஒரு சின்னப் பொறி போதும். கதவு வெடித்துப் பறக்கும்போது எதிரே நிற்பது அம்மாவாக இருக்கும். பந்தயத் திடலில் பெட்ரோல் குளிர்வது மூடிய குழாய்க்குள், திறந்த வெளியில், அந்த வித்தியாசம் பெரியது.

கோவையிலிருந்து: சாதா ஐஸுக்குப் பதில் ட்ரை ஐஸ்?

முயன்றிருக்கிறார்கள், ஆல்கஹாலில் ட்ரை ஐஸைப் போட்டு. மைனஸ் 78 டிகிரி. அவ்வளவு தேவையே இல்லை. மேலே சொன்ன 300 கிராம் பெட்ரோலை 30 டிகிரி குளிர வைக்க அறுபது கிராம் சாதா ஐஸ் உருகினால் போதும், இரண்டு மூன்று கட்டி. மிதமிஞ்சிக் குளிர்ந்த பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் துளித்துளியாக மேனிஃபோல்ட் சுவரில் ஒட்டும், அதில் இருக்கும் கொஞ்சம் தண்ணீர் பிரிந்து உறைந்து ஜெட்டை அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் எப்போதுமே கொஞ்சம் ஈரம் இருக்கும், இப்போது நம் பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். மூடிய டப்பாவில் ட்ரை ஐஸ் போட்டால் வாயு சேர்ந்து டப்பாவே வெடிக்கும், காருக்குள் வைத்தால் மூச்சு முட்டும்.

மதுரையிலிருந்து: ஃபார்முலா ஒன்னில் பெட்ரோலைக் குளிர வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறதாமே?

ஆமாம், ஓர் எல்லை வைத்திருந்தார்கள், சுற்றுப்புறக் காற்றை விட 10 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்கக் கூடாது. இந்த ஒரு விதியால் ஒரு உலக சாம்பியன் பட்டமே ஊசலாடியது. 2007 அக்டோபர், பிரேசிலின் இன்டர்லாகோஸ், அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம். கிமி ராய்க்கோனன் ஜெயித்து 110 புள்ளி, லூயிஸ் ஹாமில்டன் ஏழாவதாக வந்து 109. பந்தயம் முடிந்த பிறகு பார்த்தால் நான்காம், ஐந்தாம், ஆறாம் இடத்தில் வந்த வில்லியம்ஸ், பிஎம்டபிள்யூ கார்களின் எரிபொருள் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்ததாகக் கணக்கு வந்தது. அந்த மூவரையும் நீக்கினால் ஹாமில்டன் நான்காமிடத்துக்கு ஏறி 112 புள்ளியோடு சாம்பியன்! ஆனால் காற்றின் வெப்பநிலைக்கு எந்த அளவீட்டை எடுப்பது, காருக்குள் இருந்த எரிபொருளின் உண்மையான சூடு என்ன என்பதிலேயே சந்தேகம் இருந்ததால் நடுவர்கள் தண்டிக்கவில்லை, ஹாமில்டனின் அணியான மெக்லாரன் செய்த மேல்முறையீடும் நவம்பரில் தள்ளுபடியானது. சில டிகிரிக்காக வழக்கு வரை போனார்கள் என்றால் அந்த உயரத்தில் அரை சதவீதம்கூட எவ்வளவு பெரியது என்று புரிகிறது.

திருச்சி, வேதியியல் ஆசிரியை: நைட்ரோமீத்தேன் என்ற எரிபொருளில் ஓடும், டிராக் பந்தயத்திலேயே மிக வேகமான டாப் ஃபியூயல் வண்டிகளிலும் இப்படிக் குளிர வைப்பார்களா?

அங்கே வெப்பநிலைக்கு வேறொரு முக்கியத்துவம் உண்டு அம்மா, உங்கள் பாடத்துக்கு நேராகவே பொருந்தும். நைட்ரோமீத்தேன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் ஒரு கிலோ மிச்சமில்லாமல் எரிய 1.7 கிலோ காற்று போதும், பெட்ரோல் அப்படி எரிய 14.7 வேண்டும். அதனால் ஒரே காற்றுக்கு எட்டு மடங்குக்கு மேல் எரிபொருளை ஊற்றலாம். அமெரிக்காவின் தேசிய டிராக் பந்தயச் சங்கமான என்ஹெச்ஆர்ஏ 90 சதவீதம் வரைதான் நைட்ரோவை அனுமதிக்கிறது, மீதி மெத்தனால். எத்தனை சதவீதம் என்று, அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுத்தான் பார்க்கிறார்கள், நைட்ரோவின் அடர்த்தி 1.14, மெத்தனால் 0.79. கலவை 10 டிகிரி குளிர்ந்திருந்தால் போதும், சுருங்கி, மூன்று நான்கு சதவீதம் நைட்ரோ அதிகம் இருப்பது போலக் காட்டும். அதனால் தெர்மாமீட்டரும் திருத்த அட்டவணையும் இல்லாமல் யாரும் கலவை போடுவதில்லை. 2008இல் ஸ்காட் கலிட்டா என்ற பந்தய வீரர் விபத்தில் இறந்த பிறகு இந்த வண்டிகளுக்கான தூரத்தை 402 மீட்டரிலிருந்து 305 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள் என்பதையும் உங்கள் மாணவர்களிடம் சொல்லலாம்.

மெத்தனாலைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். திரவம் ஆவியாகும்போது இழுத்துக்கொள்ளும் சூடு பெட்ரோலுக்குக் கிலோவுக்கு 350 கிலோஜூல் அளவில், மெத்தனாலுக்கு 1100, அதோடு மெத்தனால் இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும். ஐஸே இல்லாமல் மெத்தனால் வண்டியின் மேனிஃபோல்ட் வெயிலில் பனி பூத்து நிற்பது அதனால்தான்.

விழுப்புரத்திலிருந்து: விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்கும் என்கிறார்களே?

பெட்ரோல் பங்கின் டேங்க் மண்ணுக்கடியில் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அங்கே சூடு பெரிதாக மாறாது. 3 டிகிரி மாறினாலும் 10 லிட்டருக்கு 30 மில்லிதான் வித்தியாசம். அதற்குப் பதில் அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை, பங்கில் ஹைட்ரோமீட்டர் வைத்திருக்க வேண்டும்.

சென்னை, பொறியியல் மாணவர்: டர்போ கார்களில் ஐஸ் தண்ணீர் டேங்க் வைக்கிறார்களே, அதுவும் வீணா?

இல்லை, ஐஸின் உண்மையான வேலை அங்கேதான். டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால் காற்று 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். அதை ஐஸ் தண்ணீர் சுற்றும் இன்டர்கூலர் வழியாக அனுப்பினால் ஒரு ஓட்டம் முழுக்க எழுபது எண்பது டிகிரி இறக்கலாம். பெட்ரோலைக் குளிர வைத்துக் கிடைத்த 5 டிகிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஒரு மூட்டை ஐஸ்தான் கையில் இருக்கிறது என்றால் காற்றுக்குச் செலவு செய்யுங்கள், பெட்ரோலுக்கு வேண்டாம்.

காஞ்சிபுரத்திலிருந்து: இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் டிராக் பந்தயத்தில் என் இன்ஜெக்‌ஷன் பைக்கை ஓட்ட ஆசை. பெட்ரோலைக் குளிர வைக்க ஏதாவது செய்யட்டுமா?

முதலில் சந்தோஷம், ரோட்டில் ஓட்டாமல் ட்ராக்கைத் தேடிப் போகிறீர்கள் பாருங்கள். உங்கள் பைக்கில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, அழுத்தத்தோடு பெட்ரோலைத் தள்ளுகிறது, அதனால் ஆவி அடைக்கும் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. பெரிய பந்தயக் கார்கள் பலவற்றில் வேறு கதை, அங்கே இன்ஜெக்டருக்குப் போனது போக மீதி சூடான என்ஜினைச் சுற்றிவிட்டு டேங்குக்கே திரும்பும், நாள் முழுக்க ஓடினால் சின்ன டேங்க் முழுக்கச் சூடாகும், பம்ப் திணறும், அழுத்தம் இறங்கும், லீனாகிப் பிஸ்டன் ஓட்டையாகும். அவர்கள் திரும்பும் குழாயில் கூலர் வைப்பது நியாயம்.

உங்களுக்கு நான் சொல்வது எளிது. வண்டியை நிழலில் நிறுத்துங்கள், டேங்க் மேல் வெள்ளைத் துணி போடுங்கள், ரெண்டு ஓட்டத்துக்கு நடுவே ஒரு ஃபேன் வைத்து என்ஜினை ஆற விடுங்கள், பெட்ரோல் கேனை வெயிலில் திறந்து வைக்காதீர்கள், அதில் லேசான பாகம் ஆவியாகிப் போனால் காலையில் போட்ட பெட்ரோலும் மாலையில் போடும் பெட்ரோலும் ஒன்றாக இருக்காது. பந்தயம் நடத்துகிறவர்களிடம் விதிப் புத்தகத்தை முன்னாலேயே வாங்கிப் படியுங்கள், எரிபொருள் அமைப்பில் கை வைக்கலாமா கூடாதா என்று பிரிவுக்குப் பிரிவு மாறும். அப்புறம் கிளட்ச் விடுவதைப் பழகுங்கள், ஒரே ஆர்பிஎம்மில், ஒரே மாதிரி, குறைந்தது ஐம்பது தடவை. ஐஸில் கிடைக்கும் 0.04 வினாடியைப் போல நாலு மடங்கு அங்கே கிடக்கிறது. ஓடிவிட்டு வந்ததும் நேரத்தையும் அன்றைய காற்றின் சூட்டையும் ஒரு நோட்டில் எழுதி எனக்கும் அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.